மக்கபேயரும் மாமனார் வீட்டு வாக்குவாதமும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்த சபைகளில் ஒன்றான சி.எஸ்.ஐ. சபைக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருவர் கேட்கிறார்: "கணவரின் பாட்டிக்கு முப்பதாம் நாள் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்படி வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். மக்கபேயரில் இருக்கிறது என்றார் மாமனார். அந்தப் புத்தகமே எங்கள் வேதாகமத்தில் கிடையாதே என்றேன். 'உன் கையில் இருக்கிற வேதாகமத்தைத் தொகுத்துக் கொடுத்ததே எங்கள் திருச்சபைதான் அம்மா' என்றார். அதற்குமேல் எனக்கு வாய் எழவில்லை. யார் சொல்வது சரி?"

வாய் எழவில்லை என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த இந்த வாக்குவாதம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் இரண்டு பெரிய படிப்பாளிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட இதே வரிசையில் நடந்தது. அவர்களாலும் அதை முடிக்க முடியவில்லை. நானும் இரண்டு வாசலையும் பார்த்தவன்தான்: அம்மா வழியில் ஜெபமாலை, அப்பா வழியில் பாமாலை. ஆகவே ஒருபக்கத்து வக்கீலாக எழத் தோன்றவில்லை; ஆனால் கருத்தே இல்லாதவன் போலவும் நடிக்கப்போவதில்லை.

1519 ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதிவரை லைப்சிக் நகரத்துக் கோட்டையில் அந்த விவாதம் நடந்தது. ஒருபக்கம் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யோகான் எக். மறுபக்கம் விட்டன்பர்க்கிலிருந்து வந்த கார்ல்ஸ்டாட்டும் மார்ட்டின் லூத்தரும். விவாதத்துக்கு இடம் கொடுத்தவர் சாக்சனி கோமகன் ஜார்ஜ். லூத்தரின் பெயர் வெளியே தெரிந்தது, பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட பாவப்பொறுத்தல் பலன் சீட்டுகளைக் கண்டித்ததால். எக் அந்தச் சீட்டுகளில் அதிக நேரத்தைச் செலவழிக்கவில்லை. அவர் நேரே வேருக்குப் போனார்: திருத்தந்தையின் தலைமை கடவுள் ஏற்படுத்தியதா, மனிதர் ஏற்படுத்தியதா?

மனிதர் ஏற்படுத்தியது என்றார் லூத்தர். எக் காத்திருந்தது அதற்குத்தான். "இது யான் ஹுஸ் சொன்ன கருத்தல்லவா? கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் கண்டித்த கருத்தல்லவா?" என்று மடக்கினார். பொதுச்சங்கம் என்றால் திருச்சபை முழுவதற்குமாகக் கூடும் ஆயர்களின் பேரவை. லைப்சிக்கில் நின்றுகொண்டு, செக் நாட்டுச் சீர்திருத்தவாதியான ஹுஸின் பெயரை எடுப்பது சாதாரண விஷயமல்ல. பிராகா பல்கலைக்கழகத்தில் ஹுஸின் ஆட்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறிய ஜெர்மானிய ஆசிரியர்கள் 1409இல் தொடங்கியதுதான் லைப்சிக் பல்கலைக்கழகம். ஹுஸ் 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்டார். அதன் பிறகு மூண்ட போர்களின் நினைவு அந்த ஊரில் இன்னும் ஆறியிருக்கவில்லை. லூத்தர் முதலில் மறுத்தார். பிறகு, ஹுஸிடம் கண்டிக்கப்பட்ட கருத்துகளில் சில முழுக்க முழுக்கக் கிறிஸ்தவமானவை, நற்செய்திக்கு ஒத்தவை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பொதுச்சங்கம் தவறியிருக்கிறது என்றுதானே பொருள்? ஆம், பொதுச்சங்கமும் தவறலாம் என்றார்.

சில நாட்கள் கழித்துப் பேச்சு உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு, அதாவது இறந்தவர்களின் ஆன்மா தூய்மையாகும் நிலைக்கு, வந்தது. எக் எடுத்துக்காட்டியது உங்கள் மாமனார் எடுத்துக்காட்டிய அதே இடம்: 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் விழுந்த யூத வீரர்களின் உடைக்குள் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் தாயத்துகள் இருந்தன. அந்தப் பாவத்துக்காக யூதா மக்கபேயு பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பினார் என்பது அங்கே உள்ள கதை. லூத்தர் அந்தச் சமயத்தில் உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார், அதை மறக்க வேண்டாம். அவர் சொன்னது வேறு: மக்கபேயர் திருமுறை நூல்களில் (வேதமாக ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியலில்) சேராதது, ஆகவே நம்புகிறவர்களுக்குப் பயன்படலாம், மறுக்கிறவர்களிடம் சாட்சியாகச் செல்லாது. எக் உடனே திருப்பினார்: திருச்சபை அதைத் திருமுறை நூலாக ஏற்றிருக்கிறது.

இப்போது உங்கள் திண்ணையையும் அந்தக் கோட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வேதத்தில் இருக்கிறதா" என்று ஆரம்பித்த பேச்சு இரண்டே அடியில் "எது வேதம்" என்பதற்குப் போய்விட்டது. அடுத்த அடியில் "எது வேதம் என்று சொல்ல உரிமை யாருக்கு" என்பதில் வந்து நிற்கிறது. என் கருத்தில் கத்தோலிக்க, சீர்திருத்த சபைகளுக்கு இடையே உள்ள உண்மையான வழக்கு இந்த மூன்றாவது கேள்விதான். வசனம் காட்டி வசனம் மறுக்கிற சண்டைகளில் பெரும்பாலும் இரண்டு தரப்பாரும் இந்த இடத்துக்கு வராமலே களைத்துப்போகிறார்கள்.

மாமனாரின் பதிலுக்கு வருகிறேன். அதில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் முதன்முதலாக ஒரே பட்டியலில் நாம் பார்ப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கி.பி. 367இல் எழுதிய உயிர்ப்பு விழா மடலில். இயேசுவுக்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. வட ஆப்பிரிக்காவில் 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர் மன்றங்கள் பட்டியலை உறுதிசெய்தன. அவற்றின் பழைய ஏற்பாட்டில் மக்கபேயரும் தோபித்தும் யூதித்தும் இருந்தன. ஆக, புதிய ஏற்பாட்டுக்கு அந்தப் பட்டியலை ஏற்றுக்கொண்டு பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் மறுப்பது ஏன் என்ற கத்தோலிக்கக் கேள்வி நியாயமானது. வேதாகமத்தின் பொருளடக்கப் பக்கம் வேதாகமத்தின் எந்த வசனத்திலும் இல்லை.

சீர்திருத்த சபையார் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். உரைகல் பொன்னைக் காட்டிக்கொடுக்கிறது, பொன்னை உண்டாக்குவதில்லை. திருச்சபை நூல்களை இனம்கண்டது. அவற்றுக்கு அதிகாரம் கொடுத்தது கடவுள். ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் இன்னும் ஒருபடி மேலே போனார்: வெள்ளைக்கும் கறுப்புக்கும், இனிப்புக்கும் கசப்புக்கும் வேறுபாடு சொல்ல யாரும் சாட்சி கேட்பதில்லை, வேதமும் அப்படித் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும், தூய ஆவி உள்ளத்தில் சாட்சி சொல்லுவார். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் லூத்தருக்கே யாக்கோபு நிருபம் இனிக்கவில்லை. 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார் (பின்னாளில் அந்த வரியை எடுத்துவிட்டார்). எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண் கொடுக்காமல் விட்டார். சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தவரின் நாக்குக்கே ருசி பிடிபடாத இடம் ஒன்று இருந்தால், ருசியை மட்டும் நம்பிப் பட்டியல் போட முடியாது.

இங்கே கத்தோலிக்கர் வெற்றிச் சங்கு ஊத வேண்டியதில்லை. இலத்தீன் வேதாகமத்தை மொழிபெயர்த்துத் தந்த எரோணிமுஸ், எபிரேய மொழியில் இல்லாத நூல்களைத் திருச்சபை பக்திக்காக வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியவர். அவர் குரல் மத்திய காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: 1518இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரை விசாரித்துப் பின்வாங்கச் சொன்ன கர்தினால் கயெத்தான், 1532இல் எழுதிய விளக்கவுரையில் இந்த விஷயத்தில் எரோணிமுஸ் பக்கம் நின்றார். லூத்தரை விசாரித்தவரே லூத்தரின் பழைய ஏற்பாட்டுப் பட்டியலுக்கு நெருங்கி வந்துவிட்டார், அப்போது அது குற்றமாகவும் எண்ணப்படவில்லை. 1442இல் ஃப்ளோரன்ஸ் பொதுச்சங்கம் பட்டியலைக் கொடுத்திருந்தாலும், மறுத்தால் சாபம் என்று கதவை அடைத்தது 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம்தான். ஆகவே "ஆதிமுதல் எல்லாருக்கும் 73 நூல்கள்தான், நீங்கள் ஏழு நூல்களைக் கிழித்தெறிந்தீர்கள்" என்பது வரலாறு ஆகாது. "நாங்கள் ஆதி வேதத்துக்குத் திரும்பினோம்" என்பதும் அப்படியே. 1611இல் வந்த ஆங்கில அரச வேதாகமத்திலும் அந்த நூல்கள் இருந்தன. சீர்திருத்த சபைகளின் அச்சுப் பிரதிகளிலிருந்து அவை பரவலாக மறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், 1826இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் அவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று எடுத்த முடிவு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "வேதம் மட்டுமே" என்பதை இன்று பலர் "நானும் என் வேதாகமமும் மட்டுமே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். லூத்தரோ கால்வினோ இதைக் கேட்டால் பதறியிருப்பார்கள். அவர்கள் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை வைத்துக்கொண்டார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டார்கள். பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனைப் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டினார்கள். அவர்களுடைய கோட்பாட்டை நம் வார்த்தையில் இப்படிச் சொல்லலாம்: மரபும் ஒரு கோல்தான், ஆனால் அது வேதம் என்ற மூலக்கோலால் அளந்து வெட்டப்பட்ட கோல், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மூலக்கோலே நிற்கும்.

இதன் பலம் என்னவென்று கேட்டால், திருச்சபையே வழிதவறும்போது அதைப் பார்த்துக் கைநீட்டிச் சொல்ல வெளியே ஒரு குரல் இருக்கிறது என்பதுதான். இதைச் சிறிய பலமாக எண்ண வேண்டாம். கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு நாடுகளைத் திருத்தந்தைக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆவணம் பல நூற்றாண்டுகள் மரியாதையோடு காட்டப்பட்டது. 1440இல் லொரென்சோ வல்லா அதன் இலத்தீன் நடையை வைத்தே அது போலி என்று காட்டினார். 1520இல் இதைப் படித்த லூத்தர் கொதித்துப்போனார். பழையது என்பதற்காகவே ஒன்றை உண்மையென்று கொள்ள முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பலவீனத்தைக் காட்டுவதற்கு 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டைக்குப் போக வேண்டும். லூத்தரும் சூரிக் நகரத்துச் சுவிங்லியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இருவரும் வேதம் மட்டுமே என்பவர்கள், இருவருக்கும் கிரேக்கம் தெரியும், இருவருக்கும் ஒற்றுமை வேண்டும். ஒன்றுபட்டால் அரசியல் பாதுகாப்பும் கிடைக்கும். பதினைந்து பிரிவுகளில் பதினான்கில் உடன்பட்டார்கள். பதினைந்தாவதில் "இது என் சரீரம்" என்ற வசனம் குறுக்கே வந்தது. லூத்தர் அந்த வார்த்தைகளை இலத்தீனில் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு, "இது" என்றால் இதுதான் என்று நின்றார். சுவிங்லி, "இது குறிக்கிறது" என்று பொருள் கொள்ள வேண்டும் என்றார். வசனத்தில் சந்தேகம் இல்லை, வசனத்தின் அதிகாரத்திலும் சந்தேகம் இல்லை, ஆனால் முடிவு சொல்ல ஆள் இல்லை. பிரிந்துபோனார்கள்.

சூரிக்கிலேயே அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சுவிங்லியின் சீடர்கள் சிலர் "குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவர் கற்றுக்கொடுத்த கேள்வியை அவரிடமே கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். திரித்துவக் கோட்பாடு வேதத்தில் இல்லை என்று வாதாடிய மிக்கேல் செர்வேத்துஸ் 1553 அக்டோபர் 27 அன்று கால்வினின் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். இங்கே இறையியலாளர் ஒருவர் கவனிக்க வேண்டியது: நிசேயா பிரமாணத்தில் மகன் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்று வரும் கிரேக்கச் சொல் வேதாகமத்தில் எங்கும் கிடையாது. 325இல் அதைப் போட்டவர்கள் வேண்டுமென்றே போட்டார்கள். ஏனென்றால் வேதத்தில் உள்ள எந்தச் சொல்லை எடுத்தாலும், மகன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியூஸ் அதைத் தன் பொருளில் ஏற்றுக்கொண்டுவிடுவார். வேதத்தின் பொருளைக் காக்க வேதத்தில் இல்லாத ஒரு சொல் தேவைப்பட்டது. இந்த ஒரு செய்தியைத்தான் நான் சீர்திருத்த சபை நண்பர்களிடம் மறுபடி மறுபடி சொல்வேன்.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரேனியு இதற்கு ஓர் உவமை சொன்னார். வண்ணக் கற்களைப் பதித்து ஒரு அரசனின் உருவம் செய்திருக்கிறார்கள். ஒருவன் வந்து அதே கற்களைப் பெயர்த்து நரி உருவமாக அடுக்கிவிட்டு, "பாருங்கள், எல்லாம் அரசன் உருவத்தில் இருந்த கற்கள்தான்" என்கிறான். கற்கள் வேதவசனங்கள். அடுக்கும் முறையைத்தான் அப்போஸ்தலர்களிடமிருந்து சபைகள் வழிவழியாகப் பெற்றன என்றார் இரேனியு. மரபு என்ற சொல்லுக்கு முதல் பொருள் அதுதான்: வேதத்தை வாசிக்கும் முறை. வேதத்தில் இல்லாத கூடுதல் செய்திகளின் மூட்டை என்ற பொருள் பிறகு சேர்ந்தது. நான்காம் நூற்றாண்டில் பெரிய பசிலியார் சிலுவை அடையாளம் போடுவது, கிழக்கு நோக்கி ஜெபிப்பது போன்றவற்றை எழுதப்படாத வழக்கங்களாகக் குறிப்பிடுகிறார். சண்டை வந்தபோது இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துபோயின.

திரெந்தில் அந்தக் கலப்பு ஒரு இடைச்சொல்லில் வந்து நின்றது. 1546இல் ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் ஆயர்கள் கூடியிருந்தார்கள். ஆணையின் வரைவில் இறை உண்மை "ஒரு பகுதி" எழுதப்பட்ட நூல்களிலும் "ஒரு பகுதி" எழுதப்படாத மரபுகளிலும் இருக்கிறது என்று இருந்தது. சேர்விதியர் என்ற துறவற சபையின் தலைவர் பொனூச்சியோ எதிர்த்தார்; நற்செய்தி உண்மை முழுவதும் வேதத்தில் இருக்கிறது, பாதி இங்கே பாதி அங்கே என்று பங்கு போட முடியாது என்றார். ஏப்ரல் 8 அன்று வெளியான ஆணையில் "ஒரு பகுதி" போய், நூல்களிலு"ம்" மரபுகளிலு"ம்" என்று மட்டும் நின்றது. எதிர்ப்பை மதித்து மாற்றினார்களா, வெறும் நடைத் திருத்தமா என்று இருபதாம் நூற்றாண்டிலும் கத்தோலிக்க இறையியலாளர்கள் மோதிக்கொண்டார்கள். தமிழில் ஒரு "உம்" என்ன பாடு படுத்தும் என்று இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் அடுத்த நானூறு ஆண்டு மறைக்கல்வி நூல்கள் பெரும்பாலும் பழைய வரைவையே கற்றுக்கொடுத்தன.

சொல் விளையாட்டு என்று வந்ததால் உங்கள் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பையே எடுத்துப் பாருங்கள். மாற்கு 7:8இல் இயேசு பரிசேயரைக் கண்டிக்கிறார்: "நீங்கள் தேவனுடைய கட்டளைகளைத் தள்ளிவிட்டு, மனுஷருடைய பாரம்பரியத்தைக் கைக்கொண்டு" வருகிறீர்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல் "பரதோசிஸ்", அதாவது கையளிக்கப்பட்டது. இப்போது 2 தெசலோனிக்கேயர் 2:15: "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது நாங்கள் உங்களுக்கு உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்." இங்கேயும் கிரேக்கத்தில் அதே பரதோசிஸ்தான். 1 கொரிந்தியர் 11:2இலும் அதே சொல்தான். ஆனால் தமிழில் "கட்டளைகள்". திட்டு வாங்கும் இடத்தில் பாரம்பரியம், பாராட்டு வாங்கும் இடத்தில் முறைமை, கட்டளை. இதைச் சதி என்று சொல்லமாட்டேன். பிற மொழிபெயர்ப்புகளிலும் இந்தப் பழக்கம் உண்டு, இடத்துக்கேற்பச் சொல்லை மாற்றுவதும் மொழிபெயர்ப்பாளனின் உரிமைதான். ஆனால் இந்தத் தமிழில் வேதம் படித்து வளர்ந்த ஒருவருக்குப் பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதுமே கசப்பு வருவதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம். வேதம் மட்டும் போதும் என்று அந்தப் பக்கத்தைத் திறக்கிறபோதே ஒரு மரபின் கை நமக்கு முன்னால் அதைத் தொட்டிருக்கிறது.

உங்கள் தரப்புக்காரர்கள் வழக்கமாக எடுப்பது 2 தீமோத்தேயு 3:16. வேதவாக்கியங்கள் உபதேசத்துக்குப் "பிரயோஜனமுள்ளவை" என்கிறது அது. "மட்டும்" என்பது அங்கே இல்லை. மாமனார் தரப்பார் எடுப்பது 1 தீமோத்தேயு 3:15: சபை "சத்தியத்திற்குத் தூணும் ஆதாரமுமாயிருக்கிறது". தூண் கூரையைத் தாங்கும், சரிதான். அந்தத் தூண் சாயவே சாயாது என்பது அந்த வசனத்தில் இல்லை. இரண்டு வசனமும் தாங்கக்கூடிய எடைக்கு மேல் இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டார்கள்.

கத்தோலிக்கத் தரப்பின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது, மறுபடியும் கான்ஸ்டன்ஸில். அந்தச் சங்கம் கூடியபோது மூன்று பேர் திருத்தந்தை என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1415 ஏப்ரல் 6 அன்று சங்கம் ஓர் ஆணை இட்டது: பொதுச்சங்கத்துக்கு அதிகாரம் நேரே கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, திருத்தந்தையாக இருந்தாலும் விசுவாசக் காரியங்களில் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் பிளவைத் தீர்த்து, 1417இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். 1870 ஜூலை 18 அன்று முதல் வத்திக்கான் சங்கம், திருத்தந்தை தம் பதவியின் முழு அதிகாரத்தோடு வரையறுத்துச் சொல்வது திருச்சபையின் ஒப்புதலைச் சாராமல் தன்னிலேயே மாற்றமுடியாதது என்று அறிவித்தது. இரண்டையும் எப்படி ஒன்றாகப் பிடிப்பது? முறையான திருத்தந்தை கூட்டாத நிலையில் வந்த ஆணை அது, ஆகவே கட்டுப்படுத்தாது என்பது வழக்கமான பதில். வாதமாக அது செல்லும். ஆனால் இன்றைய திருத்தந்தையரின் வரிசை அந்தச் சங்கத்தின் செயலால்தான் ஒழுங்குக்கு வந்தது என்பதை நினைத்தால் பதில் கொஞ்சம் நெளியத்தான் செய்கிறது. ஜெர்மனியின் தலைசிறந்த கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றாசிரியரான டோலிங்கர் 1870ஆம் ஆண்டு முடிவை ஏற்க மறுத்து 1871இல் சபைநீக்கம் செய்யப்பட்டார்.

"நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல்" என்ற வசனத்தில் கல் யார் என்பதிலும் திருத்தந்தையர் வரிசைக்குச் சாதகமாகத் திருச்சபைத் தந்தையர் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. அகுஸ்தீன் ஒருகாலத்தில் பேதுரு என்றார், பிறகு பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்து என்றார், கடைசிக் காலத்தில் தம் நூல்களைத் திருத்தும்போது எது பொருத்தம் என்று வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். தந்தையரின் ஒருமித்த கருத்துக்கு மாறாக வேதத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது என்று திரெந்து கட்டளையிட்டதே, அந்த ஒருமித்த கருத்து இங்கே எங்கே கிடைக்கிறது?

மரியாளின் விண்ணேற்பு 1950 நவம்பர் 1 அன்று விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டு 15 விழா பழமையானது, பக்தி ஆழமானது. ஆனால் வேதத்தில் நேரடிச் சாட்சி இல்லை, முதல் சில நூற்றாண்டுகளின் எழுத்திலும் இல்லை. கையளிக்கப்பட்டது என்று சொல்லப்படுவது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்டால், "திருச்சபை இன்று நம்புகிறது, ஆகவே தொடக்கம் முதலே விதையாக இருந்திருக்க வேண்டும்" என்ற பதில்தான் கடைசியில் மிஞ்சுகிறது. நான் இதை அவ்வளவு எளிதாக விழுங்கமாட்டேன்.

நம் ஊரிலும் இந்த வழக்கு பழையது. தரங்கம்பாடியில் லூத்தர் சபை மறைபணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார். எதிர்த்து எழுந்தவர் வீரமாமுனிவர். வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று உரைநடையில் மூன்று நூல்கள் எழுதி லூத்தர் சபையாரைச் சாடினார். லைப்சிக்கின் எதிரொலி இருநூறு ஆண்டு கழித்துக் காவிரிக் கரையில் கேட்டது.

அதன்பின் இரண்டு தரப்பும் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. 1963இல் மான்ட்ரீயல் நகரில் கூடிய சபைகளின் மாநாட்டில் சீர்திருத்தச் சபைகள், வேதமே ஒரு கையளிப்பின் பலன்தான் என்று ஒப்புக்கொண்டன. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை 2,344க்கு 6 என்ற வாக்கில் நிறைவேற்றியது. வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்றும், திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிசெய்வது என்றும் அதில் எழுதியிருக்கிறது. உங்கள் மாமனார் அந்த வரியைப் படித்திருந்தால் "நாங்கள்தான் தொகுத்தோம்" என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பார். ஆனாலும் குறை இல்லாமல் இல்லை: மரபிலேயே கெட்டுப்போன பகுதி இருக்கலாம், அதை வேதத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதை அந்த ஏடு சொல்லாமல் விட்டது வருந்தத்தக்கது என்று அப்போது எழுதியவர் இளம் இறையியலாளர் யோசேப் ராட்சிங்கர். பிற்காலத்தில் அவரே திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்.

யார் சரி என்று கேட்டீர்கள். திருச்சபையின் வாசிப்பு இல்லாமல் வேதம் நம் கைக்கு வரவில்லை என்பதில் மாமனார் சரி. வந்த பிறகு அது திருச்சபையையே கேள்வி கேட்கும் என்பதில் நீங்கள் சரி. இரண்டில் எதை விட்டாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் கடைசித் தீர்ப்பு யாருடையது என்பதற்கு ஒற்றை வரியில் பதில் கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அடுத்த முறை பேச்சு வந்தால் மாமனாரிடம் எரோணிமுஸைப் பற்றிக் கேளுங்கள். அவர் உங்களிடம் நிசேயாவைப் பற்றிக் கேட்கட்டும்.

மக்கபேயரைப் படிக்க விரும்பினால், இரண்டு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அந்த நூல்கள் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே தனிப் பகுதியாக இருக்கின்றன. லூத்தர் 1534இல் தம் ஜெர்மன் வேதாகமத்தில் அவற்றை வைத்ததும் அதே இடத்தில்தான். வேதத்துக்கு இணையாகக் கொள்ளப்படாதவை, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பில் எழுதியிருந்தார். தமிழில் அந்தப் பகுதிக்கு இட்டிருக்கும் பெயர் இணைத்திருமுறை. சமமானது என்று உங்கள் மாமனார் வாசித்துக்கொள்ளலாம், கூடச் சேர்த்தது என்று நீங்கள் வாசித்துக்கொள்ளலாம்.